ஒரே வயரில் இரண்டு குழாய்கள்

கட்சியின் பிரசார ஆட்டோ மேல் இரண்டு குழாய் ஸ்பீக்கர்கள் இருந்தன. முன்னால் இருந்த கரகரக் குழாய் கோயிலில் பாடிப் பழகியது. பின்னால் இருந்தது தர்கா கந்தூரி விழாவில் பாடியது. ஆறு மணியோடு பிரசாரம் முடிகிறது. தர்கா தெரு மட்டும் பாக்கி.

தெருமுனையில் முன்குழாய் வாயை மூடிக்கொண்டது. "அவங்க ஓட்டு நம்ம கட்சிக்கு எதுக்கு? நான் பேசமாட்டேன்."

"பேசாதே. எங்க ஆளுங்களுக்கு நான் ஒருத்தன் போதும்" என்று பின்குழாய் வாயைத் திறந்தது. சத்தமே வரவில்லை.

உள்ளே இருந்த ஆம்ப்ளிஃபயர் அலுத்துக்கொண்டது. "ஒரே வயருதான் ரெண்டு பேர் வழியாவும் போகுது. ஒருத்தர் மூடினா ரெண்டு பேரும் ஊமை. அடுத்த தெருவுல எதிர்க்கட்சி மேளம் கேக்குதா?"

கேட்டது. முன்குழாய் வேண்டாவெறுப்பாகத் தொண்டையைச் செருமியது. இரண்டும் சேர்ந்து ஓட்டுக் கேட்டன.

வாசலுக்கு வந்த ஜைனம்பு பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னாள்: "இந்தக் கரகரப்பு தெரியுதா? மார்கழியில விடியுமுன்ன பாடுமே, அதேதான். இது பாடலேன்னா எம்மவன் படிக்க எழுந்திருக்கவே மாட்டான்."

தெரு முடிந்தது. ஆட்டோ திரும்பும்போது முன்குழாய் மெதுவாகக் கேட்டது:

"ஆறு மணிக்கு இன்னும் நேரம் இருக்குல்ல? இந்தத் தெருவுல இன்னொரு தடவை போவோமா?"