நடு சீட்டில் பிக்கு

பிக்கு ஒரு பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

நூ யீ கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தாள். பிடித்துக்கொண்டுதான் இருந்தார். அதுவும் இரண்டு கையாலும்.

பெற்ற தாயே ஆனாலும் பிக்குவின் கை ஒரு பெண் மேல் படக்கூடாது. மாண்டலேயில் பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

பாங்காக்கில் விமானம் ஏறும்போது எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. ஜன்னலோரம் எலும்பும் தோலுமாக ஓர் அம்மா, நடுவில் அவள் மகன் டெட் லின், இந்தப் பக்கம் பிக்கு. நடைபாதைக்கு அப்பால் நூ யீ.

வரிசையில் நிற்கும்போதே டெட் லின் அவளிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். பாங்காக் ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்களாம். அம்மாவுக்கு ஒரே ஆசை, தன் வீட்டில் கிடந்து சாகவேண்டும்.

"அப்பா வயல்ல பாம்பு கடிச்சு செத்தாரு அத்தை. வெளியில செத்த உடம்பு ஊருக்குள்ள வரக்கூடாதுன்னு வாசல்லகூட வைக்க விடல. நேரா சுடுகாடு. அம்மாவுக்காவது அப்படி ஆகக்கூடாது."

"வழக்கம்னு ஒண்ணு இருக்கேப்பா," என்றாள் நூ யீ.

அவள் அப்படித்தான். போன வருஷம் பஸ்ஸில் இறந்த ஒருவரின் உடலை அவள் தெருவுக்குக் கொண்டுவந்தபோது, தெருமுனையில் நின்று திருப்பி அனுப்பியவள் அவள். பொய்யும் சொல்லமாட்டாள். தன் துணிக்கடையில் சாயம் போகிற லுங்கியைச் சாயம் போகும் என்று சொல்லியே விற்பாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

பாதி வழியில் டெட் லின் பின்னால் கழிப்பறைக்குப் போனான். அந்த நேரம் பார்த்து விமானம் குலுங்கியது. பணிப்பெண் அவனைக் கடைசி வரிசையிலேயே உட்காரவைத்துவிட்டாள்.

அம்மாவின் கை காலி சீட்டில் மகனைத் தேடித் துழாவியது. பிக்கு ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு நடு சீட்டுக்கு நகர்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

நூ யீ எட்டிப் பார்த்து, "சாமி, நான் வேணா அங்க வந்து உக்காரட்டுமா?" என்றாள்.

அவர் திரும்பவே இல்லை. குனிந்து ஏதோ ஓதிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் ஓதுவது நடுவிலேயே நின்றது. கையை மட்டும் விடவில்லை. இந்த மனுஷன் எந்த மடம் என்று விசாரித்துத் தலைமை பிக்குவுக்கு எழுதிப்போட்டே ஆகவேண்டும் என்று நூ யீ பல்லைக் கடித்தாள்.

குலுக்கல் நின்று டெட் லின் வந்தான். பிக்கு எழுந்திருக்கவில்லை.

"அம்மாவை எழுப்பாதப்பா. நான் உங்க வீடு வரைக்கும் வரேன்."

டெட் லின் அவர் முகத்தையே பார்த்தான். பிக்குவின் சீட்டில் உட்கார்ந்து, சட்டைக் காலரை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டான்.

மாண்டலேயில் இறங்கியதும் அம்மாவைச் சக்கர நாற்காலியில் வைத்து, தலை வரை சால்வை போர்த்தினார்கள். பாஸ்போர்ட் வரிசையில் நூ யீ அவர்களுக்குப் பின்னாலேயே போய் நின்றாள். மடத்தின் பெயரைக் கேட்காமல் விடுவதாக இல்லை.

அப்போது சால்வைக்குள்ளிருந்து அந்தக் கை நழுவி விழுந்து அவள் முழங்காலில் இடித்தது. எடுத்து வைக்கலாம் என்று தொட்டாள்.

சில்லிட்டுக் கிடந்தது. விரல்கள் மடங்கவில்லை.

பிக்கு ஓதுவது ஏன் நின்றது என்று நூ யீக்கு இப்போது புரிந்தது.

கவுன்டரில் இருந்த அதிகாரி எழுந்து நாற்காலியை உற்றுப் பார்த்தார்.

"சாமி, நீங்களே சொல்லுங்க. இந்தம்மாவுக்கு உயிர் இருக்கா? இருந்தா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகட்டும். இல்லேன்னா நான் ஆஸ்பத்திரிக்குச் சொல்லணும். அவங்க அங்கிருந்தே சுடுகாட்டுக்கு அனுப்பிடுவாங்க."

டெட் லின் பிக்குவைப் பார்த்தான். ஒரு விரதம் ஏற்கெனவே போய்விட்டது. பொய் சொல்லாத விரதத்தையும் விடத் துணிந்தவர் மாதிரி அவர் வாயைத் திறந்தார்.

நூ யீ முந்திக்கொண்டாள். விறைத்த கையைச் சால்வைக்குள் செருகி, அதைத் தன் கையால் பொத்திக்கொண்டாள்.

"அவரை எதுக்குக் கேக்கறீங்க? நான்தானே பக்கத்துல வந்தேன். இப்பதான் என்கிட்ட தண்ணி வாங்கிக் குடிச்சிட்டுக் கண் அசந்தாங்க."