கலைந்த முகம்

பர்மாச் சண்டைக்குப் போன கணவன் அனுப்பிய போட்டோவைச் செவந்தி முந்தானையால் துடைத்துக்கொண்டே இருக்கிறாள். பொன்னமராவதி வெயிலில் தூக்கிப் பிடித்தால், அவனோடு நிற்கும் எட்டுச் சிப்பாய்களின் மீசைநுனிகூடத் தெளிவாகத் தெரிகிறது. தோள் சாய்த்து ஓரமாக நிற்கும் அவன் முகம் மட்டும் ஈரக்கை பட்ட குங்குமமாய் இழுபட்டிருக்கிறது. அவள் விரல்கள் தாலியைப் பற்றுகின்றன. “கண்டதையும் நெனைக்காத ஆத்தா,” என்கிறார் தபால்காரர் கண்ணுசாமி, சைக்கிளை இடுப்பில் சாய்த்தபடி. “காமிரா கண்ணத் தொறந்து மூடுறதுக்குள்ள தலையத் திருப்பியிருக்காரு. அசைஞ்சா அப்படித்தான் கலைஞ்சு விழும்.” அவளுக்கு மூச்சு வருகிறது. படத்தை மறுபடி வருடுகிறாள். கலங்கல் ஒரு பக்கமாகவே, படத்துக்கு வெளியே ஓடுகிறது. மற்ற எட்டுப் பேரும் இன்னும் நேராகத்தான் பார்க்கிறார்கள். “ஏண்ணே, அங்கிட்டு இவருக்கு மட்டும் என்ன சத்தம் கேட்டுச்சு?” கண்ணுசாமி சைக்கிளை நிமிர்த்துகிறார், மணியடிக்கக் கை போய், அடிக்காமல் நிற்கிறது.