குனிந்து வந்தவன்

"காக்கிச் சட்டை போட்டவன் ஒருத்தன் சந்துக்குள்ள வாராம்லே," என்று பக்கத்து வீட்டுப் பூலோகம் மூச்சிரைக்க ஓடிவந்து சொன்னபோது, தங்கபாண்டி கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தான். மூலையில் கட்டியிருந்த புடவைக்குப் பின்னால் அவன் மகள் சந்திரலேகா அம்மை கண்டு முனகிக்கொண்டிருந்தாள்.

"தனியாவா வாரான்?"

"வேவு பாக்க ஒருத்தன் வருவான். ஆளத் தூக்குற வண்டி பின்னாலயே வரும். மூஞ்சியில துணி கட்டியிருக்கான், அன்னைக்கு வந்தவனுவ மாதிரியே."

அன்றைக்கு வந்தவர்களைத் தங்கபாண்டி மறப்பானா? போன மாதம் அவன் தம்பி சுயம்புவை அம்மையோடு தூக்கி முனிசிபாலிட்டி வண்டியில் போட்டார்கள். அவனுடைய பாய், வேட்டி, சட்டை எல்லாவற்றையும் சந்து முனையில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள். அதோடு சரி, ஒரு தகவலும் இல்லை.

தொத்துநோய் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக் கொன்று, யுத்தத்தில் அடிபட்ட சிப்பாய்களுக்கு ரத்தம் எடுக்கிறார்கள் என்றான் பூலோகம். அவன் கண்ணால் கண்டதில்லை, கண்ட ஒருவன் சொன்னானாம். அம்மைக்காரன் ரத்தம் யாருக்கு ஆகும் என்று தாராவியில் ஒருவரும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரி வாசல்வரை போய் விசாரித்துவர தங்கபாண்டிக்கும் துணிவு வரவில்லை.

தான் வேலை பார்க்கும் தோல் பதனிடும் கிடங்கில் சுண்ணாம்புத் தொட்டியைக் கிளறும் தடியை எடுத்துக்கொண்டு கதவோரம் நின்றான். "இந்த வீட்லேருந்து இன்னொரு உசுரு போவாது," என்றான் மனைவியிடம். முனகல் வெளியே கேட்காமல் தங்கமயில் மகளின் வாயைப் பொத்தினாள்.

வந்தவன் யாரையும் வழி கேட்கவில்லை. "நேரா இங்கதான் வாரான் பாரு. எவனோ காட்டிக் குடுத்துட்டான்," என்று பூலோகம் கிசுகிசுத்தான்.

புதிதாக வரும் எவனும் நெற்றியைக் கிழித்துக்கொள்ளும் தாழ்ந்த தகரக் கூரை அந்த வீட்டுக்கு. காக்கிச் சட்டைக்காரன் நிமிர்ந்தும் பார்க்காமல் அதற்குக் குனிந்து வாசலில் கால் வைத்தான்.

குனிந்த தலையில் தடி இறங்கியது. வாயைத் திறக்குமுன் அடுத்த அடி தாடையில் விழுந்தது. தொளதொளத்த சட்டையைப் பிடித்துப் பூலோகம் அவனைச் சந்துக்கு இழுத்துப்போட, அக்கம்பக்கமெல்லாம் ஓடிவந்து மிதித்தது.

"ஆளு யாருன்னு கேளுங்க," என்று தங்கமயில் உள்ளேயிருந்து கத்தினாள்.

"கேக்க என்ன இருக்கு?"

கீழே கிடந்தவன் கையை உயர்த்தி ஏதோ சொல்ல முயன்றான். தங்கபாண்டி அந்தக் கையிலும் ஒன்று போட்டான். எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் அவனுக்கு இனித்தது, அதை மறைப்பானேன்.

அடித்த களைப்பில் கூட்டம் கொஞ்சம் விலகியது. தங்கபாண்டி ரத்தத்தில் ஊறிய முகத்துணியைப் பிடுங்கினான். முகம் முழுக்க அம்மைத் தழும்பு. ஒரு கண் வெளுத்துக் கிடந்தது. பெற்ற தாய்க்குக்கூட அடையாளம் தெரியாத முகம்.

சட்டையைப் பிடித்து அவனைத் தூக்கி உலுக்கினான்.

"சொல்லுலே. என் தம்பி சுயம்புவ அங்க வச்சு எப்படிக் கொன்னீங்க?"

உடைந்த வாய் மெல்ல அசைந்தது.

"அங்க யாரும் என்னைக் கொல்லலண்ணே."