பெட்டி சைக்கிளுக்குக் குளிர்

மலையூர்க் கடையில் நின்ற சைக்கிள்களில், முன்னால் மரப்பெட்டி வைத்த ஒன்றுக்குத்தான் வாய் அதிகம். "ரெண்டு பிள்ளைகளை ஏற்றுவேன், காய்கறிப் பையையும் ஏற்றுவேன். பனியாவது மழையாவது" என்று பக்கத்து வண்டிகளிடம் பீற்றிக்கொள்ளும். குடும்பத்துக்கு வண்டி தேடி வந்த ஓர் அப்பா, பெட்டிக்குள் தன் பிள்ளைகளை உட்காரவைத்துப் பார்த்து அதையே வாங்கினார்.

மார்கழியில் ஒரு காலை, புல்லெல்லாம் உறைபனி. பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப்போக வாசலுக்கு வந்ததுமே பெட்டி சைக்கிளுக்கு டயர் சில்லிட்டது. பேசாமல் பிரேக்கை இறுக்கிக்கொண்டு நின்றுவிட்டது. அப்பா தள்ளிப் பார்த்தார். சக்கரம் அசையவில்லை.

"புது வண்டி, பனி ஒத்துக்கலை போல" என்று வீட்டிலிருந்த பழைய சைக்கிளை எடுத்தார். அது முனகாமல் ஒரு பிள்ளையைக் கம்பியிலும் இன்னொன்றைக் கேரியரிலும் ஏற்றிக்கொண்டது.

கிளம்பும் நேரத்தில் சின்னவள் இறங்கி ஓடிவந்தாள். தன் கம்பளிக் குல்லாவைக் கழற்றிப் பெட்டி சைக்கிளின் விளக்கில் மாட்டினாள்.

"உனக்கு உடம்பு சரியில்லைல்ல? ரெஸ்ட் எடு" என்றாள்.

டயர் சில்லிட்டதைத் தவிர அதற்கு ஒன்றுமே இல்லை. அன்று முழுக்கத் தெருவில் போன வண்டிகளெல்லாம் அந்தக் குல்லாவையே பார்ப்பதுபோல் இருந்தது.

சாயங்காலம் திரும்பி வந்த சின்னவளுக்குக் காது இரண்டும் சிவந்திருந்தன. தும்மிக்கொண்டே உள்ளே போனாள். பழைய சைக்கிள் பக்கத்தில் வந்து சாய்ந்து, கிண்டலே இல்லாமல் கேட்டது:

"இப்போ குளிர் விட்டுச்சா, தம்பி?"

குல்லாவுக்குள் பெட்டி சைக்கிளுக்கு வியர்த்துக் கொட்டியது.