தண்ணீர் படக்கூடாத கல்

"தோள்பட்டை கழண்டுடும் போலக் கீது. கொஞ்சம் நில்லு பாய்," என்றார் அல்போன்ஸ்.

ஹம்மாதின் தகரப் பெட்டியை நடைபாதையில் இறக்கி வைத்தார். கொடுண்ணே, நான் தூக்குறேன் என்று ஹம்மாத் மூன்றாவது முறையாகக் கை நீட்டினான். அவர் தரவில்லை. சைதாப்பேட்டை பஸ் ஸ்டாண்டுக்கு இன்னும் இரண்டு தெரு.

காலையில்தான் ஹம்மாதுக்கு வேலை போயிருந்தது.

இரண்டு வருஷமாக ஆற்றோர ஷெட்டில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று நடைபாதைக் கல் வார்த்தவர்கள். போன மாசம் வரை சிமெண்ட் கல். வார்த்த மறுநாளிலிருந்து இரண்டு வேளை தண்ணீர் அடிப்பார்கள். இந்த மாசம்தான் இன்ஜினியர் அஃப்ரா சிமெண்டை நிறுத்தினாள். அதற்குப் பதில் அனல்மின் நிலையத்துச் சாம்பல், இரும்பாலைக் கசடு, கையைப் புண்ணாக்கிவிடும் காரக் கரைசல். இதுக்குத் தண்ணீர் காட்டவே கூடாது, காரம் கழுவிக்கொண்டு போய்விடும், கல் இறுகாது என்று நாலு தடவை சொல்லியிருந்தாள்.

தி.நகருக்குப் போக வேண்டிய முதல் நானூறு கல்லிலும் வெள்ளை பூத்துவிட்டது. மெஷினில் வைத்து அழுத்தினால் ரஸ்க் மாதிரி உதிர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை யாரோ தண்ணீர் அடித்திருக்கிறார்கள். அன்றைக்குக் காவல் ஹம்மாத். மதியத் தொழுகைக்கு அரை மணி போயிருந்தேன் என்று அவன் சொன்னதே அவனை நிறுத்தச் சாக்காகிவிட்டது.

"நான் அடிக்கலண்ணே. அந்த இன்ஜினியர் பொண்ணு நம்பல."

"எனக்குத் தெரியும் பாய்."

இனி என்ன செய்வாய் என்று கேட்டார். பெருங்குடிக் கிடங்கில் குப்பை பிரிக்க மச்சான் கூப்பிட்டிருக்கிறானாம். பாதிச் சம்பளம். அதோடு நாற்றம் இலவசம் என்று ஹம்மாத் சிரித்தான். அல்போன்ஸ் சிரிக்கவில்லை. மனைவி ஆலிஸ் இறந்த இந்த ஆறு வருஷத்தில், அவர் சாப்பிட்டாரா என்று கேட்ட ஒரே ஆள் இவன்தான்.

பஸ் வந்தது. பெட்டியை அவரே மேலே ஏற்றினார்.

"ஷெட்டுல பதினோரு பேரு. வழியனுப்ப வந்தது நீ ஒருத்தன்தாண்ணே," என்றான் ஹம்மாத் ஜன்னல் வழியாக. "நாளைலேர்ந்து யாரோட சாப்புடுவே?"

அல்போன்ஸ் வாயைத் திறந்தார். பஸ் நகர்ந்துவிட்டது.

அந்த ஞாயிறு, பூசை முடிந்து பேச்சுத்துணை தேடி ஷெட்டுக்குப் போய், ஆளில்லாமல் காய்ந்து கிடந்த கல்லைப் பார்த்ததும் முப்பது வருஷக் கொத்தனார் பழக்கத்தில் குழாயைத் திருகியது அல்போன்ஸின் கைதான். ஹம்மாதுக்கு அவர் ஓர் உண்மை பாக்கி வைத்திருந்தார்.