தண்ணீர் சுமக்கிற மாப்பிள்ளை

மாலை வகுப்பில் ஒருவரைப் பிடித்திருப்பதாக மகள் சொன்னதும், அப்பா தையல் மெஷினை நிறுத்தினார்.

"படிக்கப் போனியா, மாப்பிள்ளை தேடப் போனியா?"

"ஒருத்தரைப் பத்திச் சொல்றேன், முழுசாக் கேளுங்கப்பா. ராத்திரியில தோட்டங்களுக்குத் தண்ணீர் இறைச்சு, பகல்ல தத்துவம் படிச்சார்."

"படிப்பு ஏறிச்சா?"

"மெதுவாத்தான். கூடப் படிச்சவங்க கழுதைன்னே கூப்பிட்டாங்க."

"இதுல பெருமை வேறயா?"

"அவர் கோபப்படலையே! 'ஆமா, நம்ம ஆசிரியரோட சுமையைத் தூக்க என்னாலதான் முடியும்'னார். ஆசிரியருக்கு அப்புறம் அந்தப் பள்ளிக்கே அவர்தான் தலைவர். இயற்கையோட ஒத்து வாழ்றதே நல்ல வாழ்க்கைன்னு சொல்லிக்கொடுத்தார்."

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "மனுஷன்னா இப்படி இருக்கணும்! இவருக்குக் கண்ணை மூடிக்கிட்டுப் பொண்ணு கொடுக்கலாம். பேரென்ன?"

"கிளியாந்தஸ். கிரேக்கர். இறந்து இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல ஆச்சு. இன்னிக்கு வகுப்புல அவரைப் பத்தி நான்தான் பேசினேன்."

"அப்போ மாப்பிள்ளை?"

"பக்கத்து பெஞ்ச். வீடு வீடாத் தண்ணீர் கேன் சுமக்கிறார். பாடம் மெதுவாத்தான் ஏறும். இப்போ வாசல்ல நிக்கிறார், உள்ளே வரத் தயங்குறார்."

 அப்பா எழுந்து சட்டையை மாட்டினார்.

"நீ இரு. மாப்பிள்ளையை நான்தான் போய் அழைச்சுட்டு வரணும்."