ஏரி தாண்டும் படகு

வெர்மான்ட், 1808. இங்கிலாந்தைப் பணியவைக்க, வெளிநாட்டு வியாபாரத்தையே அமெரிக்க அரசு நிறுத்தியிருந்தது. இருந்தும் ஏரி வழியாகக் கனடாவுக்குச் சரக்கு போனது, கள்ளப் படகுகளில்.

"இன்னிக்கு மட்டும் ஏரிக்குப் போகாதீங்க." டாமரிஸ் கணவனின் கோட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"போகலேன்னா நம்ம அடுப்புல பூனைதான் தூங்கும்," என்றான் ஆசாகெல்.

"குண்டு பட்டுட்டா?"

"எனக்கு ஒண்ணும் ஆகாது."

அவன் துப்பாக்கியை எடுத்தான். தன்னைச் சுங்கக் காவலனாக நியமித்த அரசு உத்தரவையும் பையில் செருகிக்கொண்டான்.

"உங்களுக்காக யார் பயந்தா?" அவள் விம்மினாள். "படகுல போறது என் தம்பி."

"தெரியும். எந்தக் கரையிலேர்ந்து கிளம்புறான்?"

அவள் உதட்டை இறுக மூடிக்கொண்டாள்.

"அட, சொன்னாத்தானே நான் அந்தப் பக்கம் தலைவெச்சுப் படுக்காம இருக்கலாம்?"